குழந்தையை மாற்றுவதா, வகுப்பை மாற்றுவதா? சிறப்புக் கல்வியில் மோதும் பார்வைகளை இலக்கு வரியில் வைத்துப் பார்த்தல்

சிறப்புக் கல்விக்குப் புதிதாக வந்த ஓர் ஆசிரியரின் கேள்வி இது: "பயிற்சியில் ஒருவர், குறைபாட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள் என்கிறார். அடுத்த அமர்வில் வருபவர், குழந்தையிடம் சரிசெய்ய ஒன்றுமில்லை, பள்ளியைச் சரிசெய்யுங்கள் என்கிறார். இரண்டு பேரிடமும் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. நாளைக் காலை வகுப்பில் நான் யார் சொன்னதைச் செய்வது?"

கொள்கை அளவில் பேசினால் இந்த வழக்கு முடியாது. தனியாள் கல்வித் திட்டத்தில், அதாவது ஐஇபியில், நீங்கள் எழுதும் ஒற்றை இலக்கு வரிக்கு அதை இறக்கிக் கொண்டுவாருங்கள், முக்கால்வாசி முடிந்துவிடும். எல்லோரும் பயிற்சி முறையை வைத்துச் சண்டை போடுகிறார்கள். சிக்கலோ அதற்கு ஒரு படி முன்னால், எதை இலக்காக எழுதினோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் பார்வைகள். மருத்துவப் பார்வை, உடலில் என்ன நடக்கிறது என்று கேட்கிறது. சமூகப் பார்வை, எந்தத் தடை இந்த மனிதரை முடக்குகிறது என்று கேட்கிறது. பிரிட்டனில் உடல் குறைபாடு உள்ளவர்களே சேர்ந்து நடத்திய யூபியாஸ் என்ற அமைப்பு 1976இல் வெளியிட்ட ஆவணம், உடலில் உள்ள குறைபாடு வேறு, அதன்மேல் சமூகம் ஏற்றிவைக்கும் இயலாமை வேறு என்று பிரித்தது. 1983இல் பிரிட்டன் ஆய்வாளர் மைக் ஆலிவர் அதற்குச் சமூக மாதிரி என்று பெயர் வைத்தார். அதே இயக்கத்துக்குள்ளிருந்து 1990களில் லிஸ் க்ரோ போன்றவர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: எல்லாப் படிக்கட்டுகளையும் சரிவுப் பாதையாக்கினாலும் வலியும் களைப்பும் உடலில் அப்படியே இருக்கின்றன, அதைப் பற்றிப் பேசுவது துரோகமாகாது என்று. உலக சுகாதார அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட ஐசிஎஃப் வகைப்பாடு உடலின் செயல்பாடு, அன்றாடச் செயல்கள், பங்கேற்பு, சூழல் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்தது. மூன்றாவது, அடையாளப் பார்வை. காதுகேளாதோரில் பலர் தங்களை ஒரு மொழிச் சிறுபான்மையாகவே கருதுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், எங்கள் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது, கெட்டுப்போகவில்லை என்கிறார்கள்.

இந்த மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ஒன்றின் கேள்விக்கு இன்னொன்றின் பதிலைப் பொருத்தும்போதுதான் குழந்தை அடிபடுகிறது. இது இரண்டு திசையிலும் நடக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோர்த்துக் கேட்கும் திறன் ஏறி இறங்குவது சர்வசாதாரணம். "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று நடத்தைத் திட்டம் எழுதுவதற்கு முன்னால் காதைச் சோதிக்க வேண்டும். வகுப்பில் சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோலத் தொடரும் குழந்தைக்கு ஆப்சென்ஸ் வகை வலிப்பாக இருக்கலாம். அதைக் கவனக்குறைவு என்று எழுதுவதும் தப்பு, "அது அவளுடைய இயல்பு" என்று மதிப்பதும் தப்பு. எதிர்த்திசையில், பெருமூளை வாதம் உள்ள பையனின் கையெழுத்தைத் திருத்துவதற்கென்று ஐந்து வருடம் ஓட்டிவிட்டு, அவன் மனதில் இருக்கும் கட்டுரையை எழுத ஒரு விசைப்பலகைகூடக் கொடுக்காமல் இருப்பது மருத்துவப் பார்வை எல்லை மீறியதன் விளைவு.

எந்த இலக்கையும் எழுதியவுடன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது நிறைவேறினால் யாருடைய நாள் எளிதாகும்? இதே பலனைச் சூழலை மாற்றி இந்த வாரமே கொடுக்க முடியுமா? இதை வேண்டாம் என்று சொல்லக் குழந்தைக்கு ஒரு வழி இருக்கிறதா?

ஐஇபிகளில் அலுக்காமல் வரும் வரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: "பெயர் சொல்லி அழைத்ததும் ஆசிரியரின் கண்களை 5 விநாடி பார்ப்பான், 10க்கு 8 முறை." அளக்க வசதியான வரி, அதனால்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இதில் எளிதாவது ஆசிரியரின் நாள். கண்ணைப் பார்க்கச் சொன்னால் காதில் விழுவது குறைகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு உண்மையில் தேவை, அழைத்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது. அப்படியானால் வரியை மாற்றுங்கள்: "பெயர் சொல்லி அழைத்த 10 விநாடிக்குள் தலை திருப்புதல், அருகில் வருதல், 'ம்' என்னுதல், கார்டைத் தொடுதல், இவற்றில் ஏதாவது ஒரு வழியில் பதில் காட்டுவான்." 10 விநாடி என்பது முக்கியம். நம்மில் பெரும்பாலோர் இரண்டு விநாடிகூடப் பொறுப்பதில்லை. பதில் வந்துகொண்டிருக்கும்போதே மறுபடி அழைத்துவிடுகிறோம். அந்தக் குழந்தைக்கோ முதலிலிருந்து எல்லாம் தொடங்குகிறது.

ஏபிஏ, அதாவது நடத்தை அறிவியலை வைத்து ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தரும் பயிற்சி, பற்றிய சண்டையும் இங்கேதான் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் தேறினார்கள் என்று அறிவித்தார். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. தண்டனையும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. "40 மணி நேரம்" என்ற மந்திரம் அங்கிருந்துதான் பரவியது. இன்றைய ஏபிஏ அப்படியே இல்லை என்பது உண்மை. எதிர்ப்பவர்கள் கேட்பது வேறு: மற்றவர்களைப்போல் தோன்ற வைப்பதே இலக்கு என்றால், முறை எவ்வளவு மென்மையாக இருந்தால் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஆதாரம் ஆதாரம் என்று பேசுவது பயனில்லை. தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த இருபக்கப் புரிதல் சிக்கல் என்ற கருத்தும் இதைத்தான் தொடுகிறது: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியாதது போலவே மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை, ஏன் ஒரு பக்கம் மட்டும் பயிற்சி எடுக்க வேண்டும்? கையை உதறுவது, ஆடுவது போன்றவற்றை நிறுத்துவதை இலக்காக எழுதாதீர்கள். தலையைச் சுவரில் மோதுவதை எழுதலாம், எழுத வேண்டும். காயம் உண்டா என்பதே அங்கே எல்லைக்கோடு.

அதற்காக நடத்தை அறிவியலின் கருவிகளைத் தூக்கி எறிந்தால் நஷ்டம் குழந்தைக்கு. சட்டைப் பொத்தான் போடுவதைப் பாருங்கள். ஒரு தரப்பு விரல் பயிற்சி என்கிறது. மறுதரப்பு வெல்க்ரோ தைத்துக் கொடுத்துவிடு என்கிறது. இரண்டையும் செய்யலாம், நேரத்தைப் பிரித்து. விளையாட்டு வகுப்புக்கு ஓட வேண்டிய நேரத்தில் வெல்க்ரோ சட்டை. அவசரத்தில் யாரும் கற்றுக்கொள்வதில்லை. அமைதியான நேரத்தில், துணி மாற்றும் இடத்திலேயே, பொத்தான் பயிற்சி. முதலில் 2.5 செ.மீ. அகலமுள்ள பொத்தான், தாராளமான துளை. வேலையை உடைத்துக்கொள்ளுங்கள்: பொத்தானைப் பிடி, துளையின் விளிம்பைப் பிடி, பாதி நுழை, கை மாற்று, இழு. கடைசியிலிருந்து கற்பியுங்கள். முதல் நான்கையும் நீங்கள் செய்துவிட்டு, பாதி வெளியே வந்த பொத்தானை இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலை அவள் கையில் முடிகிறது. இழுப்பது தானாக வந்ததும் கை மாற்றுவதைச் சேருங்கள். சட்டையைப் போட்டுக்கொண்டே பழக்குவது நல்லது. மேசையில் கிடக்கும் பொத்தான் பலகையில் கற்றது உடம்பில் இருக்கும் சட்டைக்கு வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. பார்க்கும் கோணமே தலைகீழ் அல்லவா.

கெட்டுப்போவது பெரும்பாலும் உதவியில். ஆசிரியர் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைப் பிடிக்கிறார், குழந்தை மணிக்கட்டு பிடிபடும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. பதிவேட்டில் "80 சதவீதம்" என்று இருக்கும். அந்த 80 ஆசிரியருடையது. நாளின் முதல் முயற்சியில் எந்த உதவியும் தராமல் விட்டு, அதை மட்டும் குறித்து வையுங்கள். அதுதான் உண்மையான எண். மீதி முயற்சிகளில் தாராளமாக உதவுங்கள், ஆனால் முழங்கை, தோள், வெறும் சைகை என்று உதவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போங்கள். பார்வையும் கேட்கும் திறனும் சேர்ந்து குறைந்த குழந்தைகளிடம் கையின்மேல் கைவைத்து அழுத்துவதைத் தவிர்த்து, அவர்கள் கைக்குக் கீழே உங்கள் கையை வைத்துச் செய்து காட்டுங்கள். அவர்களுக்குக் கைதான் கண். பிடிக்கவில்லையென்றால் கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களிடமே இருக்கும்.

கடிப்பது, எறிவது, ஓடுவது என்று வரும்போது முதலில் வலியைத் தேடுங்கள்: பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். பேச முடியாத குழந்தையின் திடீர் மாற்றத்துக்குப் பின்னால் இவை இருப்பது ஆச்சரியமே இல்லை. அது இல்லையென்று தெரிந்தபின் முன்னால் நடந்தது, நடத்தை, பின்னால் நடந்தது என்று மூன்று பத்தியில் ஓரிரு வாரம் குறியுங்கள். "காரணமே இல்லாமல்" என்று எழுதினால் அந்தத் தாள் வீண். யார் அருகில், என்ன பாடம், எத்தனை மணி, என்ன சத்தம் என்று எழுதுங்கள். கார், டுராண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1985இல் காட்டிய வழி இன்றும் நிற்கிறது: அந்த நடத்தை எதைச் சாதிக்கிறதோ அதையே சாதிக்கும் ஒரு சுலபமான தகவலைக் கற்றுக்கொடுப்பது. கடினமான பாடத்திலிருந்து தப்பிக்க நோட்டை எறிகிறவனுக்கு "இடைவேளை வேண்டும்" கார்டு.

இந்தக் கார்டு தோற்கும் விதங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். கார்டு ஆசிரியரின் மேசை டிராயரில் இருக்கிறது. அல்லது முதல் நாளே "இந்த ஒரு கணக்கை முடி, அப்புறம்" என்று பேரம் தொடங்குகிறது. எறிதல் உடனே பலன் தருகிறது, கார்டு தருவதில்லை, பிறகு அவன் எதை எடுப்பான்? முதல் சில வாரம் கார்டைக் காட்டிய ஒவ்வொரு முறையும், சில விநாடிக்குள், கேள்வி கேட்காமல் இடைவேளை கொடுங்கள். கார்டு நிலைத்தபின் "இன்னும் ஒன்று" என்பதை மெல்லச் சேர்க்கலாம். ஒரு பாடவேளையில் முப்பது முறை கார்டு வருகிறதா? அங்கே நடத்தைத் திட்டத்தை மூடிவைத்துவிட்டுப் பாடத்தைத் திறந்து பாருங்கள். பாடம் அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம், அல்லது சலிக்கும் அளவுக்குக் கீழே இருக்கலாம். இந்த இடத்தில் சமூக மாதிரிக்காரர்கள் சொல்வதே சரி.

வாசிப்பில் நிலைமை தலைகீழ். இங்கே ஏற்பின் பெயரால்தான் அநியாயம் நடக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு "வெளியே", "ஆபத்து", "கழிப்பறை" என்று இருபது சொற்களை முழுச் சொல்லாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, இது போதும், அவனை அவனாக ஏற்போம் என்று நிறுத்திவிடுகிறார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்காக, வெளிப்படையாக, நாள்தோறும் கற்பித்தால் இவர்களில் பலர் வாசிக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சில மாதம் எடுப்பது இவர்களுக்கு வருடங்கள் எடுக்கிறது, அவ்வளவே. அதேபோல டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமத்தை "வேறு விதமான சிந்தனை" என்று கொண்டாடுவதில் தப்பில்லை, கொண்டாட்டத்தோடு வாசிப்புப் பாடமும் தொடர்ந்தால். படம் மூலம் கற்பவர், காது மூலம் கற்பவர் என்று பிரித்துக் கற்பிப்பது மட்டும் வேண்டாம்; அந்தப் பொருத்தம் பலன் தருவதற்குச் சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

சலுகையையும் பாடக் குறைப்பையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பொதுத் தவறு. கூடுதல் நேரம், பெரிய எழுத்து, எழுத்தர், படித்துக் காட்டுபவர், இவை கற்கும் விதத்தை மாற்றுகின்றன. கற்க வேண்டியது அப்படியே இருக்கும். பாடத்தைக் குறைத்தால் கற்க வேண்டியதே மாறிவிடும், அதன் விலை மேல் வகுப்பில் தெரியும். பார்வை குறைந்த குழந்தை அறிவியலில் பின்தங்கினால் பாடத்தைக் குறைக்காதீர்கள், பிரதியைச் சரிசெய்யுங்கள். அச்சைப் படிக்கிறாள் என்று பிரெய்லைத் தள்ளிப்போடுவதற்கு முன், முதல் நிமிட வேகத்தையும் இருபதாவது நிமிட வேகத்தையும் ஒப்பிடுங்கள். தலைவலியோடு பாதியாகக் குறைகிறதென்றால் பிரெய்லை இப்போதே தொடங்க வேண்டும், அச்சை விடாமலே.

காதுகேளாக் குழந்தைகள் விஷயத்தில் வரலாறே ஒரு எச்சரிக்கை. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை வகுப்பிலிருந்து விலக்கி, பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் நூறு வருடத்துக்கு மேல் நீண்டது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மரபின் மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் வேண்டுமா என்பது குடும்பமும் மருத்துவர்களும் எடுக்கும் முடிவு, ஆசிரியர் அதில் நீதிபதி ஆக வேண்டியதில்லை. ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்று: இந்தக் குழந்தைக்கு இன்று, இந்த வயதில், முழுமையாக எட்டும் ஒரு மொழி இருக்கிறதா? இம்ப்ளான்ட் வைத்த மறுநாளே பேச்சு புரிந்துவிடாது, கருவியைச் சீராக்கவும் கேட்டுப் பழகவும் காலம் பிடிக்கும். முதல் ஐந்து வருடத்தில் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் போனால் பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம். ஆகவே சைகை மொழி காத்திருக்கக் கூடாது. வகுப்பில் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்: ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும், பக்க எண்ணைச் சொல்வதற்கு முன் பலகையில் எழுதுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவும் படத்தைப் பார்க்கவும் ஒரே நேரத்தில் முடியாது, படத்துக்கு நேரம் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

பேச்சு வராத குழந்தைக்குப் படப் பலகையோ பேசும் கருவியோ கொடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்ற பயம் பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நம்பத்தக்க ஆதாரம் உள்ள 27 பேரைப் பார்த்தது: ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குச் சற்றே கூடியது. பலகையில் பிஸ்கட், பந்து, தண்ணீர் என்று பொருட்பெயர்களாக நிரப்புவதுதான் வழக்கமான கோளாறு. வேண்டாம், நிறுத்து, வலிக்கிறது, இன்னும், நீ செய், பிடிக்கவில்லை, இவை முதல் நாளே இருக்க வேண்டும். நீங்கள் பேசும்போது நீங்களும் அதே பலகையைத் தொட்டுக்கொண்டே பேசுங்கள்; யாரும் பேசிக் காட்டாத மொழியை எந்தக் குழந்தையும் கற்றதில்லை.

சிறப்புக் கல்வி ஆய்வாளர் ஆன் டொனெலன் 1984இல் சொன்ன கொள்கை, உறுதியான தகவல் இல்லாதபோது தவறிப்போனாலும் குழந்தைக்குக் குறைந்த கேடு தரும் ஊகத்தை வைத்துச் செயல்படு என்பது. புரிகிறது என்று எண்ணிப் பேசுங்கள், வயதுக்கேற்ற பாடத்தைக் காட்டுங்கள். ஆனால் இதற்கும் ஒரு வேலி வேண்டும். கையைத் தாங்கிப்பிடித்துத் தட்டச்சு செய்ய வைக்கும் முறை, 1990களில் நடந்த சோதனைகளில் தோற்றது. உதவியாளருக்கும் குழந்தைக்கும் வெவ்வேறு படம் காட்டியபோது, எழுதப்பட்டது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். அந்த உதவியாளர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கே தெரியாமல் நடந்தது. குழந்தையின் குரலை மதிப்பதென்றால் அது அவனுடைய குரல்தானா என்று சரிபார்ப்பதும் அதில் அடங்கும்.

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு வருவோம். சிறப்புக் கல்வி பற்றி ஸ்பெயினின் சலமான்கா நகரில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டின் 1994 அறிக்கையும், 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவும் எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய கல்வியின் பக்கம் தெளிவாக நிற்கின்றன. அதே பிரிவு பிரெய்லையும் சைகை மொழியையும், காதுகேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்கு வளர்ச்சி உச்சமாகக் கிடைக்கும் சூழலையும் தனியாகக் குறிப்பிடுவதைப் பலர் படிப்பதில்லை. பிரிட்டனில் சிறப்புக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கி, அதன் 1978 அறிக்கையால் ஒருங்கிணைப்புக்கு வழி திறந்த மேரி வார்னாக்கே 2005இல், இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தவில்லை, மறுபரிசீலனை வேண்டும் என்றார்.

என் கருத்தில், பொது வகுப்பே தொடக்கப் புள்ளி. அங்கே வேலை நடக்கிறதா என்பதைத்தான் அளக்க வேண்டும். பெரும்பாலும் தோல்விக்குக் காரணம் குழந்தைக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது: ஷேடோ டீச்சர், அதாவது அந்த ஒரு குழந்தைக்கென்றே வகுப்பில் கூடவே இருக்கும் உதவியாளர். ஜியாங்ரெகோவும் உடன் ஆய்வாளர்களும் 1997இலேயே இதை விரிவாகப் பதிவுசெய்தார்கள். ஒட்டியே இருக்கும் உதவியாளர் வகுப்பாசிரியரைக் குழந்தையிடமிருந்து பிரித்துவிடுகிறார், சக மாணவர்களையும் தள்ளிவைத்துவிடுகிறார். ஒரு பாடவேளை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்: வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையிடம் எத்தனை முறை நேரடியாகப் பேசினார், சக மாணவர் எத்தனை முறை, உதவியாளர் எத்தனை முறை. மூன்றாவது எண் மற்ற இரண்டையும் விழுங்கியிருந்தால் நாற்காலியை நகர்த்துங்கள். முதலில் பக்கவாட்டிலிருந்து பின்னால், பிறகு இரண்டு மீட்டர், பிறகு அவர் அந்த வரிசை முழுவதற்கும் உதவியாளர். வலிப்பு, மூச்சுத்திணறல், திடீரென்று ஓடுதல் போன்ற ஆபத்து இருந்தால் தூரத்துக்கு வரம்பு வையுங்கள்; ஆபத்து எந்த நேரத்தில் என்பதையும் எழுதி வையுங்கள், நாள் முழுவதற்கும் ஒட்டவைக்காதீர்கள்.

கூட்டத்தில் கருத்து மோதும்போது ஒவ்வொருவரும் எந்தக் காலத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள். தெரபிஸ்ட் அடுத்த மூன்று மாதத்தைப் பார்க்கிறார், ஆசிரியர் இந்தக் கல்வியாண்டை. பெற்றோர் தங்கள் காலத்துக்குப் பின் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள். அதே குறைபாட்டோடு வளர்ந்த பெரியவர் பின்னால் திரும்பித் தன் குழந்தைப் பருவத்தைப் பார்க்கிறார். அவர் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதே இல்லை, முடிந்தால் அழையுங்கள். குழந்தையும் அங்கே இருக்கட்டும், பத்து நிமிடமாவது, தன் பலகையோடு.

உடன்பாடு வரவில்லையென்றால் அந்த இலக்கை ஒரு தேதியோடும் ஒரு நிறுத்தக் குறியோடும் எழுதுங்கள். "6 வாரம், உதவியில்லாத முதல் முயற்சியில் மூன்றாம் வார முடிவிலும் எந்த ஏற்றமும் இல்லையென்றால் முறை மாறும், பயிற்சி நேரத்தில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அழுதாலோ விலகினாலோ இலக்கே மறுபடி பேசப்படும்." எண்கள் குழந்தைக்குக் குழந்தை மாறும். அவற்றைப் பயிற்சி தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். தொடங்கியபின் எழுதினால் ஒவ்வொருவரும் தன் பக்கத்துக்குச் சாதகமாகத்தான் எண்ணுவார்கள்.